வேதாளைக் கரையும் அண்டிரிக் பாதிரியாரும்

இராமேசுவரத்துக்குப் போகும் பெருவழியில், உச்சிப்புளியைக் கடந்து மண்டபத்தை நெருங்கும் முன்னர், தென்கடலை ஒட்டி ஒரு சிற்றூர் இருக்கிறது. வேதாளை என்பது அதன் பெயர். இரயிலில் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைக் காணும் ஆவலில் இருப்பார்கள். ஆகையால் வேதாளையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பனைமரங்களும், கரையேற்றிய வள்ளங்களும், வலை உலர்த்தும் மணல்மேடும், பழைய பள்ளிவாசலும் தவிர அங்கே கண்ணைக் கவரும் பொருள் ஒன்றும் இல்லை. எனினும், தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், என் வரையில் அதனை இந்த மணலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, அக்கரையின் அமைப்பை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் வரவரக் குறுகி ஒரு நாக்கைப்போல் நீள்கிறது. வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. காசியிலிருந்து வந்தாலும் காஞ்சியிலிருந்து வந்தாலும் இராமநாதரைத் தொழ வருகிற அடியவர் இந்த நாக்கின் மீது நடந்துதான் தீரவேண்டும். எனவே இதனை மறிப்பவன் கையில் யாத்திரிகரின் மடிச்சீலை வந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வுண்மையைக் கண்டுகொண்டவன் வேதாளையில் தங்கியிருந்த போர்த்துகேசியத் தளபதி ஒருவன்.

போர்த்துகேசியர் இங்கு வந்த வரலாறு முத்தோடு பிணைந்தது. 1535-ஆம் ஆண்டை ஒட்டி முத்துக்குளித்துறைப் பரதவர்கள், தமக்குப் போட்டியாய் இருந்தவர்களிடமிருந்து காவல் வேண்டிப் போர்த்துகேசியரை நாடினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் பெருந்தொகையினராய்க் கிறித்தவம் தழுவினார்கள். 1538-இல் வேதாளைக் கரையிலேயே மரக்காயர்களின் கப்பற்படைக்கும் போர்த்துகேசியருக்கும் பெரும்போர் நடந்து, போர்த்துகேசியர் வென்றனர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஊர் ஊராய் நடந்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தாம் மனப்பாடம் செய்த தமிழ் மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார். பின்னர் மலாக்காவுக்கும் மொலுக்காத் தீவுகளுக்கும், முடிவில் சப்பானுக்கும் போய்விட்டார். அவர் பெருமையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் விதைத்துவிட்டுப் போகிறவன் ஒருவன். களையெடுக்க இருக்கிறவன் வேறொருவன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் களையெடுத்தவன் என்ற முறையில் என் கண் இரண்டாமவன் மேல்தான் செல்கிறது.

வேதாளைத் தளபதிக்கு வருவோம். அவன் அந்நிலக் குறுக்கில் ஓர் அகழி வெட்டினான்; இராமேசுவரம் செல்லும் அடியவரை நிறுத்திப் பணம் பெற முற்பட்டான். என் பாட்டி கையில் ஒரு செம்பும் முந்தானையில் முடிந்த சில நாணயங்களுமாய் இராமேசுவரம் போய்வந்த கதையைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகையால் அந்த அகழியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அகழிக்கு மேற்கே காத்து நிற்கிறவர்களின் பக்கமே சாய்கிறது. அன்றைய விசயநகர அரசின் சார்பில் வந்த வடுகர் படை 1549-ஆம் ஆண்டின் நடுவில் வேதாளை மீது பாய்ந்தது. அது காரணமில்லாப் பாய்ச்சல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அகழி வெட்டியவன் தண்டனை அடையவில்லை. அவனும் அவனுடைய வீரர்களும் கப்பலேறித் தப்பினார்கள். கரையில் அகப்பட்டவர்கள் ஊர்மக்கள். அவ்வேளையில் அங்கே இருந்தவர் அந்தோனியோ கிரிமினாலி என்னும் இயேசு சபைத் துறவி. இத்தாலி நாட்டில் பார்மா நகரத்துக்கு அருகில் பிறந்தவர். முத்துக்குளித்துறைத் துறவியருக்குத் தலைவர். பெண்டிரையும் பிள்ளைகளையும் வள்ளங்களில் ஏற்றும் வேலையில் அவர் நின்றுவிட்டார். தாமும் ஏறிக்கொள்ளுமாறு பிறர் வற்புறுத்தியும் ஏறவில்லை. வேலால் குத்துண்டு அம்மணலில் விழுந்தார், தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு அப்பொழுது வயது 29. இயேசு சபை தோன்றிய பின் அதில் குருதி சிந்தி இறந்த முதல்வர் இவரே என்று அச்சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தலைவர் மாண்டபின், கரையில் எஞ்சியிருந்த சில துறவியர் கூடித் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தார்கள். அவர்தாம் என்றிக்கே என்றீக்கசு. இந்நாட்டு மக்கள் நாவில் அப்பெயர் அண்டிரிக் என்று திரிந்தது. அவரே தம் தமிழ் நூல்களில் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று அச்சிட்டுக்கொண்டார். நாமும் அண்டிரிக் என்றே அழைப்போம். அவரும் இறந்துபோன கிரிமினாலியைப்போலவே 1520-இல் பிறந்தவர். ஒரே வயதினர் இருவர். ஒருவருடைய வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. மற்றவருடையது இன்னும் ஐம்பத்தோராண்டு நீண்டது.

தலைவராவதற்குரிய இலக்கணங்களை அடுக்கிப் பார்த்தால் அண்டிரிக்கிடம் பெரும்பாலானவை இல்லை. போர்த்துகல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில், யூதர் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டில் அது ஒரு கறையாகக் கருதப்பட்டது. பிரான்சிசுகன் சபையில் சேர்ந்திருந்தவரை, அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். 1545-இல் கொயிம்பிராவில் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546-இல் கப்பலேறிக் கோவாவுக்கு வந்து, 1547-இல் இக்கரையை அடைந்தார். உடல் நலமும் அவருக்கு வாய்த்ததன்று. நோயாளியாகவே வாழ்நாளைக் கழித்தார் என்று சொல்லலாம். இப்படிப்பட்டவரைப் பற்றித்தான் 1549-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உரோமையில் இருந்த இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இவர் இருவர் வேலையை ஒருவராய்ச் செய்கிறார், தமிழைப் பேசவும் எழுதவும் அறிந்திருக்கிறார் என்ற கருத்துப்படச் சவேரியார் வியந்து குறித்தார்.

தமிழை அவர் எவ்வாறு கற்றார் என்பது ஆசிரியர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். தொடக்கத்தில் அவருக்கும் துபாசியே துணை. ஆனால் துபாசியின் வாயில் தம் சொல் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐயம் பிறந்தது. துபாசியை விட்டுவிட்டு, வினைச்சொற்களை இலத்தீன் இலக்கணம் வகுப்பதுபோல் காலம், இடம், எண் என்று பிரித்து எழுதத் தொடங்கினார். வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஓலையிலும் தாளிலும் வரிசைப்படுத்தினார். சில திங்களுக்குள் துபாசியின்றிப் பேசினார். தமிழ் எழுத்துகளையும் கற்றார். அப்பொழுதுதான், சவேரியார் காலத்தில் அரைகுறையாக மொழிபெயர்த்து ஓதப்பட்டுவந்த மந்திரங்களில் பிழைகள் மலிந்திருப்பது புலப்பட்டது. விசுவாச மந்திரத்தின் தொடக்கத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருள்பட வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இருந்தது! மக்கள் அதனைப் பக்தியோடு ஓதியிருக்கிறார்கள். பொருளறியாமல் மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதைக் கேட்டு நகைப்பதற்கு உரிமையுடையவர்கள் அல்லர்.

தாம் கற்றவற்றை ஓர் இலக்கண நூலாகப் போர்த்துகேசிய மொழியில் எழுதினார். வெளிநாட்டார் ஒருவர் தமிழுக்கு எழுதி இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் இலக்கணங்களுள் இதுவே மூத்தது. கையெழுத்துப்படியாக இலிசுபன் நகர நூலகத்தில் உறங்கிக் கிடந்த அந்நூலை, சீன் கைன் என்ற அம்மையாரும் வி. எசு. இராசமும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆர்வர்டு பல்கலைக்கழக வரிசையில் 2013-இல் வெளியிட்டார்கள்.

இங்கே என் பேச்சின் நடுக்கருத்துக்கு வருகிறேன். 1549-இல் தலைமை அவர் தோளில் ஏறியது. 1576 வரையில் இறங்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள்! அந்நாட்களில் ஒரு தலைவரின் பொழுது எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். வேம்பாற்றில் ஒரு வழக்கு. மணப்பாட்டில் ஒரு மணமுறிவு. முத்துக்குளிப்புக் காலத்தில் தளபதிகள் மக்களிடம் அளவுக்கு மீறிப் பறிக்கிறார்கள் என்ற முறையீடு. அதற்காகக் கோவாவுக்கு ஒரு கடிதம், உரோமைக்கு ஒரு கடிதம். வடுகர் படை வருகிறது என்ற வதந்தி ஒரு நாள். அது மெய்யாவது மற்றொரு நாள். ஊர்தோறும் மந்திரம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளம் சேர்க்க வேண்டும். புன்னைக்காயலில், மக்கள் தந்த பொருளைக்கொண்டு அவர் நிறுவிய மருத்துவமனைக்கு அரிசியும் மருந்தும் வேண்டும். 1560-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. அவ்வாண்டே போர்த்துகேசியர் மன்னார்த் தீவில் கோட்டை கட்டிப் பரதவரில் பலரை அங்கே குடியேற்றினர். அண்டிரிக்கும் உடன் போனார். குடியேற்றம் நிலைக்கவில்லை, மக்கள் பின்னர்ப் பழைய கரைக்கே திரும்பினார்கள். இவற்றில் எதனைத் தொல்லை என்று தள்ளுவது? எல்லாமே அவருடைய கடமைகள். கவனத்தைச் சிதைப்பவை பெரும்பாலும் கெட்ட காரியங்களாக வருவதில்லை. நல்ல காரியங்களாக, அவசரமாக, அழுகையோடு வாசலில் வந்து நிற்கின்றன.

நான் இதனைத் தெரிந்து சொல்கிறேன். கடற்கரையூர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாய்ப் பொறுப்பேற்ற புதிதில், மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து கடற்சொற்களைத் தொகுக்கத் தொடங்கினேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுகளின் பெயர்கள் யாவரும் அறிந்தவை. ஆனால் ஒரு காற்று மற்றொன்றாய் மாறும் இடைப்பொழுதுக்கும், நீரோட்டத்தின் போக்குக்கும், நீரின் நிறத்துக்கும், வலையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. பையன்கள் வீட்டில் பாட்டனாரைக் கேட்டு வந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். நாற்பத்தொரு பக்கம் நிரம்பியது. பிறகு கட்டட நிதி வந்தது, ஆய்வாளர் வருகை வந்தது, சத்துணவுக் கணக்கு வந்தது, இரு ஊர்க்காரர்களுக்கிடையே மூண்ட சண்டை பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்தது. எதையும் நான் வீணாகச் செய்யவில்லை. ஆனால் நாற்பத்திரண்டாம் பக்கம் எழுதப்படவேயில்லை. ஓய்வு பெற்றபின் அந்நோட்டை எடுத்துக்கொண்டு அவ்வூருக்குப் போனேன். சொல்ல வேண்டிய கிழவர்கள் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் விசைப்படகில், கையடக்கக் கருவி காட்டும் திசையில் போகிறார்கள். அவர்களுக்கு அச்சொற்கள் தேவைப்படவில்லை.

அண்டிரிக் அந்த இருபத்தேழு ஆண்டுகளில் தம் ஒரே நோக்கத்தை எவ்வாறு கைவிடாமல் வைத்திருந்தார்? பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. அவர் தலைமையில் இருந்த ஐரோப்பியத் துறவியர் தமக்குள் தமிழிலேயே பேசவேண்டும் என்று ஒரு விதி செய்துகொண்டார்கள். மீறினவருக்குத் தண்டம் உண்டு. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். படிப்புக்கென்று தனி நேரம் ஒதுக்கினால், அந்நேரத்தை முதலில் வருகிற வழக்குக்காரன் பறித்துக்கொள்வான். ஆனால் சோறு கேட்பதும், கணக்குப் பார்ப்பதும், கோபித்துக்கொள்வதும் தமிழிலேதான் என்று ஆகிவிட்டால், இடையூறுகளே பாடமாகிவிடுகின்றன. பரதவர் ஒருவர் முறையிட வந்தால் அது வழக்கு மட்டுமன்று. புதிய சொற்கள் பத்து வந்து சேர்கின்றன. கையிலே நோட்டு எப்பொழுதும் திறந்தே இருந்தது என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். எனக்கு வந்த சண்டையிலும் கடற்சொற்கள் தாம் பறந்தன. நான் அப்பொழுது எழுதுகோலை மூடிவைத்துவிட்டுப் பஞ்சாயத்துப் பண்ணினேன்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1576-இல் அவரைத் தலைமைப் பொறுப்பினின்று விடுவித்தார்கள். வயது 56, உடலோ நொய்ந்தது. நம் கணக்குப்படி அது ஓய்வுக்குரிய காலம். அவருடைய அச்சு நூல்கள் அனைத்தும் அதன்பின் பத்தாண்டுக்குள் வந்தவை!

அச்சின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1554-இல் இலிசுபன் நகரில் ஒரு சிறு மந்திர நூல் அச்சாயிற்று. அதில் மொழி தமிழ். எழுத்தோ இரோம எழுத்து. 1556-இல் கோவாவுக்கு அச்சுக்கூடம் வந்து சேர்ந்தது. இந்திய நாட்டில் முதல் அச்சுக்கூடம் அதுவே. ஆனால் அதில் தமிழ் எழுத்து இல்லை. நம் எழுத்தை ஈயத்தில் வார்ப்பது எளிய வேலையன்று. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கு வேற்றுமை இராது. இதனைத் துண்டு துண்டாக அறுத்து அச்சாக்க வேண்டும். யோவான் கொன்சால்வசு என்பவர் 1577-இல் கோவாவில் ஒரு தொகுதி எழுத்தை வார்த்தார்; யோவான் தெ பாரியா என்பவர் 1578-இல் கொல்லத்தில் செப்பமான வேறொரு தொகுதியை வார்த்தார். இதற்கான செலவை முத்துக்குளித்துறை மக்களே திரட்டித் தந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. மூச்சடக்கி மூழ்கியவர்களின் பணம் அது.

1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பக்கம் பதினாறே. தமிழ் எழுத்தில் தமிழ் மொழியில் அச்சான, நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் இது. இந்திய எழுத்துகளில் அச்சான நூல்களுக்கும் இதுவே முதல். மறு ஆண்டு நவம்பர் 14-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் பெரிய வினாவிடை நூல் வந்தது. 1580-இல் ஒப்புரவுக்குரிய கையேடு. 1586-இல் 'அடியார் வரலாறு', அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட புனிதர் சரிதை. அப்பொழுது அவருக்கு வயது 66. அந்நூல் வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைத் தமிழுலகு அறியச் செய்தவர் தனிநாயக அடிகள். 1967-இல் அதனைத் தமிழில் மீண்டும் பதிப்பித்தவர் இராசமாணிக்க அடிகள்.

அந்நூல்களின் தமிழ் நடையைப் பற்றிப் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. அது கற்றோர் நடையன்று. கடற்கரைப் பேச்சும் போர்த்துகேசியச் சொல்லும் கலந்த நடை. இலக்கணம் படித்த புலவர் முகம் சுளிப்பார். இராபர்ட்டு தெ நோபிலி மதுரைக்கு வந்தபின், இந்தச் சொற்களில் பலவற்றைத் தள்ளிவிட்டு வேறு சொற்களை அமைத்தார். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பரதவக் கிழவி எப்படிப் பேசியிருப்பாள் என்று இன்று அறிய விரும்பினால், புலவர் நூல்களை விட இந்த முகம் சுளிக்கும் நூல்களைத்தான் நாட வேண்டும்.

அண்டிரிக்கின் வாழ்வில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. நான் அவருடைய சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். இந்நாட்டு வழிபாடுகளைப் பற்றி அவர் எழுதியவை பல கடுமையானவை. அறிந்துகொள்ளும் பொறுமை சொற்களுக்குக் கிடைத்த அளவுக்குக் கோயில்களுக்குக் கிடைக்கவில்லை. மேலும், தளபதிகளின் கொடுமையை எதிர்த்து அவர் எழுதியது உண்மையே எனினும், அவருடைய திருச்சபை அத்தளபதிகளின் பீரங்கி நிழலிலேதான் நின்றது. வேதாளை அகழியை வெட்டியவனும், வேதாளையில் உயிர் கொடுத்தவரும் ஒரே கொடியின்கீழ் வந்தவர்கள். ஒரு மனிதர் ஒரே நோக்கில் ஊன்றி நின்றார் என்பதனால் அவர் பார்வைக்கு வெளியே இருந்தவை இல்லாமல் போய்விடுவதில்லை. வரலாற்றைப் படிக்கும் மாணவர் இரண்டையும் ஒருங்கே கையில் வைத்துக்கொள்ளப் பழகவேண்டும், கனமாகத்தான் இருக்கும்.

1600 பிப்பிரவரி 6-ஆம் நாள் அண்டிரிக் புன்னைக்காயலில் காலமானார். வயது எண்பதை எட்டியிருந்தது. உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். இந்தியாவுக்குப் புறப்பட்டபின் அவர் தம் தாய்நாட்டை ஒரு முறையும் காணவில்லை.

சென்ற ஆண்டு பேரனை அழைத்துக்கொண்டு வேதாளைக்குப் போயிருந்தேன். அகழி எங்கே என்று கேட்டான். மணல் மூடிவிட்டது என்றேன். கிரிமினாலி விழுந்த இடம் எங்கே என்றான். கடலைக் காட்டி, இந்தக் கரையில்தான் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. அங்கே ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பேரன் அவரிடம் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தொட்டு, "தாத்தா, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான். அவர் சொன்னார். என் நோட்டில் இல்லாத சொல். பையில் தேடினேன், எழுதுகோல் இருந்தது, தாள் இல்லை. பேரனுடைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.